வாடகைத்தாய் வழிப் பிள்ளைப்பேறு: கருவள நிலையத்தைத் தெரிவதற்கு முன் கேட்க வேண்டியவை

என் சின்னம்மாவின் மகளும் அவளுடைய கணவரும் சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்புவெளியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு கோப்புடன் வந்திருந்தார்கள். ஆறு வருடங்களுக்கு முன் முதற் பிரசவத்தில் பிள்ளை தங்கவில்லை. நிற்காத இரத்தப்பெருக்கிலிருந்து அவளுடைய உயிரைக் காப்பதற்காக வைத்தியர்கள் கருப்பையையும் அகற்ற வேண்டியதாயிற்று. இப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. வாடகைத்தாய் வழியாகப் பிள்ளை பெறலாம் என்ற முடிவுக்கு இருவரும் வந்திருந்தார்கள். கோப்பினுள் இரண்டு வெளிநாட்டுக் கருவள நிலையங்களின் வண்ணத் தாள்கள் இருந்தன. ஒன்று 70 வீத வெற்றி என்றது. மற்றது 80 வீதம் என்றது. “இரண்டில் எது நல்லது, அண்ணா?” என்று அவள் கேட்டாள்.

அன்று நான் அவளுக்கு விடை சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்கப்பட வேண்டிய வேறு கேள்விகள் இருப்பதும், அவற்றுள் ஒன்றுக்கேனும் அந்தத் தாள்களில் விடை இல்லாதிருப்பதும், அடுத்த சில வாரங்கள் சட்டத்தரணி ஒருவருடனும் மகப்பேற்று நிபுணர் ஒருவருடனும் பேசிய பிறகுதான் எனக்கே தெளிவாயிற்று. திருகோணமலையில் இதே கோப்பைக் கையில் வைத்திருக்கும் வேறு தம்பதியர் இருக்கக்கூடும் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. “வாடகைத்தாய்” என்ற சொல்லே நம்மிடையே நிலைத்துவிட்டது. ஆனால் ஒன்பது மாதங்கள் தன் உடலில் இன்னொருவரின் பிள்ளையைச் சுமக்கும் பெண்ணை வாடகை வீட்டோடு ஒப்பிடும் சொல் அது. இக்கட்டுரையில் இனி அவரை மாற்றுத்தாய் என்றே குறிப்பிடுகிறேன்.

மருத்துவக் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும், ஏனெனில் மாற்றுத்தாயின் உதவி எல்லாக் கருவளக் குறைபாட்டுக்கும் தீர்வாகாது. அது கருப்பை இல்லாத, அல்லது கருவைத் தாங்க இயலாத பெண்ணுக்கு மட்டுமே பயன்படுவது. பிறவியிலேயே கருப்பை உருவாகாத பெண்கள் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இருக்கிறார்கள். பிரசவத்திலோ நோயாலோ கருப்பையை இழந்தவர்கள், கருப்பையின் உட்சுவர் தழும்பேறிப் போனவர்கள், கர்ப்பம் தரித்தால் உயிருக்கே ஆபத்து என்று இருதய நிபுணர் எச்சரித்தவர்கள் ஆகியோரும் இவ்வகையில் அடங்குவர். கணவரின் விந்தணுக் குறைபாடோ, மனைவியின் சூல் முட்டைகள் குறைந்திருப்பதோ, சூலகக் குழாய் அடைபட்டிருப்பதோ காரணமாக இருந்தால் மாற்றுத்தாயால் எந்தப் பயனும் இல்லை. அவற்றுக்குச் சிகிச்சைகள் வேறு. செலவும் சிக்கலும் மிகக் குறைந்தவை. இரண்டு முறை ஐ.வி.எஃப் (முட்டையையும் விந்தையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கரு உருவாக்கும் சிகிச்சை) பலனளிக்காததும் “இனி வாடகைத்தாய்தான்” என்று ஒரு நிலையம் சொல்லுமானால், இன்னொரு நிபுணரிடம் அந்த அறிக்கைகளைக் காட்டாமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. என் தங்கையின் நிலையில் காரணம் ஐயமற்றது. அவளுடைய சூலகங்கள் அகற்றப்படவில்லை; ஆகவே முட்டை அவளுடையதாகவும், விந்து கணவருடையதாகவும், கருப்பை மட்டும் இன்னொருவருடையதாகவும் இருக்கும்.

இனி, பிள்ளை எந்த நாட்டின் சட்டத்தின் கீழ் பிறக்கப் போகிறது என்ற கேள்வி. இதுவே முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து.

இலங்கையில் மாற்றுத்தாய் முறையை ஒழுங்குபடுத்தும் தனிச்சட்டம் இல்லை. தடைசெய்யும் சட்டம் இல்லையென்றால் தடையில்லைதானே என்று முகவர்கள் சொல்வதுண்டு. ஆனால் சட்டம் இல்லாத இடத்தில் பழைய சட்டங்களே ஆட்சி செய்கின்றன. அவை எழுதப்பட்ட காலத்தில் சோதனைக்குழாய் முளையம், அதாவது உடலுக்கு வெளியே உருவாக்கப்படும் இளங்கரு, என்ற ஒன்றை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. பிள்ளையைப் பெற்றெடுத்தவளே பிறப்புப் பதிவில் தாயாகிறாள். 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 112 ஆம் பிரிவின்படி, செல்லுபடியான திருமணம் நிலைத்திருக்கையில் பிறக்கும் பிள்ளை அத்திருமணத்தின் கணவனுக்குப் பிறந்ததாகவே கொள்ளப்படும். எனவே மாற்றுத்தாய் திருமணமானவராயின், சட்டத்தின் கண்ணில் பிள்ளையின் தாய் அவரே. தந்தை அவருடைய கணவரே. முட்டையும் விந்தும் தந்தவர்கள் தம் சொந்தப் பிள்ளையை 1941 ஆம் ஆண்டின் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச்சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தின் மூலம் தத்தெடுக்க வேண்டிய நிலை ஏற்படும். மாற்றுத்தாய் மனம் மாறினால், முன்கூட்டியே எழுதிய ஒப்பந்தத்தைக் காட்டிப் பிள்ளையைப் பெற்றுவிடலாம் என்று எந்தச் சட்டத்தரணியும் உறுதி கூற முடியாது. வைத்தியசாலையில் மாற்றுத்தாயின் பெயருக்குப் பதிலாக உங்கள் மனைவியின் பெயரைப் பதிந்துவிடுவோம் என்று யாரேனும் சொன்னால், அது பொய்ப் பதிவு. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழே வாழ்நாள் முழுவதும் ஒரு குற்றத்தின் மீது நிற்கும். அந்த நிலையத்திலிருந்து அன்றே எழுந்து வந்துவிட வேண்டும்.

சமய நம்பிக்கையும் இவ்விடத்தில் குறிப்பிடப்பட வேண்டியது. கிண்ணியா, மூதூர் முஸ்லிம் குடும்பங்களுக்கும் நகரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் இது ஒரு நடைமுறைக் கேள்வி. கணவன் மனைவி இருவருக்கு அப்பால் மூன்றாமவரின் முட்டையோ விந்தோ கருப்பையோ ஈடுபடுவதை சுன்னி மார்க்க அறிஞர்களில் மிகப் பெரும்பாலோர் அனுமதிப்பதில்லை. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் ஃபிக்ஹு (மார்க்கச் சட்டவியல்) பேரவை 1986 இல் இதே நிலைப்பாட்டை எடுத்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1987 ஆம் ஆண்டின் போதனை ஏட்டில் மாற்றுத்தாய் முறையை மறுத்தது. இந்துக்களுக்கு இவ்வாறு ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லும் பீடம் இல்லை. எது எவ்வாறாயினும், பணம் கட்டிய பிறகு இருதரப்புப் பெற்றோருடனும் இதைப் பேசத் தொடங்குவது மிகுந்த துன்பத்தைத் தரும்.

நம்மவர்களில் பலர் முதலில் நினைப்பது சென்னையைத்தான். மொழி ஒன்று, உணவு ஒன்று, பலாலியிலிருந்து விமானம் உண்டு. தமிழ்த் திரையுலகத் தம்பதி ஒருவர் மாற்றுத்தாய் வழியாக இரட்டைப் பிள்ளைகளுக்குப் பெற்றோரான செய்தி 2022 அக்டோபரில் வந்தபோது, அங்கே இது எளிதில் கிடைக்கும் என்ற எண்ணம் இங்கும் பரவியது. உண்மை நிலை வேறு. இந்தியா 2015 நவம்பரில் வெளிநாட்டவருக்கு இந்த வாயிலை மூடியது. 2021 ஆம் ஆண்டின் மாற்றுத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்தது. பணத்துக்காகச் சுமப்பதை அது குற்றமாக்கி, மருத்துவச் செலவும் 36 மாதக் காப்புறுதியும் தவிர வேறு கொடுப்பனவை அனுமதிக்காமல், 25 முதல் 35 வயதுக்குட்பட்ட, சொந்தப் பிள்ளையுள்ள பெண் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை மட்டும் மாற்றுத்தாயாக இருக்கலாம் என்று வரையறுத்தது. இலங்கைக் குடியுரிமை மட்டுமே உள்ள தம்பதிக்கு அதில் இடமில்லை. ஐ.வி.எஃப் சிகிச்சைக்காகச் சென்னை செல்வது வேறு விடயம். மருத்துவ விசாவில் அது இயலும். ஆயினும் அங்கு உருவாக்கி உறையவைத்த முளையங்களை வேறொரு நாட்டு மாற்றுத்தாயிடம் கொண்டுசெல்ல இத்துறையை மேற்பார்வை செய்யும் இந்தியத் தேசியச் சபையின் அனுமதி தேவை. “இங்கே முளையத்தை உருவாக்கிவிடுவோம், பிறகு எங்கேயாவது கொண்டுபோகலாம்” என்று சொல்லும் நிலையம், அந்த அனுமதியை இதற்கு முன் பெற்ற அனுபவம் தனக்கு உண்டா என்பதை எழுத்தில் தர வேண்டும்.

மற்ற நாடுகளின் வரலாறு ஒரு நீண்ட எச்சரிக்கை. 2008 இல் குஜராத்தின் ஆனந்த் நகரில் ஒரு ஜப்பானியத் தம்பதிக்காகப் பிறந்த மஞ்சி என்ற பெண்குழந்தை, பிறப்பதற்கு முன்பே அத்தம்பதி பிரிந்துவிட்டதால் கடவுச்சீட்டின்றித் தவித்தது. வழக்கு இந்திய உச்சநீதிமன்றம் வரை சென்றது. அதே வருடம் அதே நகரில் ஒரு ஜேர்மன் தந்தைக்குப் பிறந்த இரட்டையர், எந்த நாட்டின் குடிமக்களும் அல்லாதவர்களாக இரண்டு வருடங்களுக்கு மேல் இந்தியாவிலேயே இருந்தனர். தாய்லாந்தில் டவுன் நோய்க்குறியுடன் பிறந்த ஆண்பிள்ளை மாற்றுத்தாயிடமே தங்க, அவனுடைய இரட்டைச் சகோதரியை மட்டும் அவுஸ்திரேலியத் தம்பதி அழைத்துச் சென்றதை 2014 இல் உலகமே பார்த்தது. அடுத்த வருடமே அந்நாடு வெளிநாட்டவருக்கு இதைத் தடைசெய்தது. நேபாளம் 2015 இல் நிறுத்தியது. கம்போடியா 2016 இல் தடைவிதித்தது; 2018 இல் அங்கு கைதான 30 க்கும் மேற்பட்ட மாற்றுத்தாய்மார், சுமந்த பிள்ளைகளைத் தாமே வளர்ப்பதாக உறுதியளித்த பின்னரே விடுவிக்கப்பட்டனர். ஜோர்ஜியாவின் பிரதமர் 2023 ஜூனில் வெளிநாட்டவருக்கு இதை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, ஏற்கனவே கர்ப்பம் தரித்திருந்த மாற்றுத்தாய்மாருக்குப் பணம் கட்டியிருந்த தம்பதியர் கலங்கிப்போனார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நாடு மூடப்பட்டவுடன் முகவர்கள் அடுத்த நாட்டுக்கு நகர்கிறார்கள்; மாற்றுத்தாய்மாரையே எல்லை கடத்தி அழைத்துச் செல்வதும் உண்டு. ஆகவே நிலையம் இருக்கும் ஊரும், முளையம் மாற்றப்படும் ஊரும், பிரசவம் நடக்கும் ஊரும் வெவ்வேறு நாடுகளில் இருக்குமானால், ஏன் என்று கேட்க வேண்டும்.

நம் உறவினர்கள் நிறைந்த கனடாவில் 2004 ஆம் ஆண்டின் சட்டம் மாற்றுத்தாய்க்கு ஊதியம் வழங்குவதைத் தடைசெய்து, உண்மைச் செலவை மட்டும் ஈடுசெய்ய அனுமதிக்கிறது. ஒன்ராறியோவில் கருத்தரிப்பதற்கு முன்பே எழுத்து ஒப்பந்தமும் இரு தரப்புக்கும் தனித்தனிச் சட்ட ஆலோசனையும் வேண்டும். பிள்ளை பிறந்து 7 நாட்கள் கடந்த பிறகே மாற்றுத்தாய் தன் உரிமையை விட்டுக்கொடுக்க முடியும். அந்த ஏழு நாட்களைத் தடையாகப் பார்க்கும் தம்பதியரை நான் அறிவேன். சுமந்தவளுக்குச் சிந்திக்க நேரம் தரும் சட்டமே பின்னாளில் பிள்ளைக்கும் உறுதியான பத்திரத்தைத் தருகிறது என்று நான் கருதுகிறேன்.

எந்த நாட்டில் பிறந்தாலும் பிள்ளை திருகோணமலைக்கு வந்துசேர வேண்டும். வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு, தாயோ தந்தையோ இலங்கைப் பிரசையாக இருந்தால், பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் பிறந்து ஒரு வருடத்துக்குள் பதிவு செய்து பிரசாவுரிமை பெறலாம். அதற்கு அந்த நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் யாருடைய பெயர் இருக்கும், மரபணுப் பரிசோதனை தேவைப்படுமா, எமது தூதரகம் எவ்வெவ் ஆவணங்களை ஏற்கும் என்பவற்றைப் பணம் கட்டுவதற்கு முன்பே தூதரகத்திடமும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடமும் எழுதிக் கேட்க வேண்டும். நிலையத்தின் தொடர்பாளர் தொலைபேசியில் சொல்லும் விடை இதற்குப் போதாது.

இவ்வளவும் தெளிவான பிறகே அந்த 70 வீதமும் 80 வீதமும் பேசத் தகுந்தவை ஆகின்றன. ஒரு நிலையத்தில் 100 பெண்கள் சிகிச்சையைத் தொடங்குகிறார்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அவர்களில் 92 பேருக்கு முட்டை எடுக்கும் நிலை வருகிறது. 78 பேருக்குக் கருப்பைக்குள் மாற்றி வைக்கத்தக்க முளையம் உருவாகிறது. மாற்றியபின் 40 பேருடைய இரத்தப் பரிசோதனையில் கர்ப்ப ஹோர்மோன் தெரிகிறது. 34 பேருடைய ஸ்கானில் இருதயத் துடிப்புத் தெரிகிறது. 28 பேர் உயிருள்ள பிள்ளையைப் பெறுகிறார்கள். இதே நிலையம் 78 இல் 40 என்று எடுத்து 51 வீதம் என்று விளம்பரம் செய்யலாம். 78 இல் 28 என்று எடுத்து 36 வீதம் என்று சொல்லலாம். 100 இல் 28 என்று உண்மையான தொடக்கத்திலிருந்தும் சொல்லலாம். மூன்றும் பொய்யல்ல. அந்த 36 வீத வாய்ப்பை மூன்று முறை பயன்படுத்த மூன்று நல்ல முளையங்கள் ஒருவரிடம் இருக்குமென்று கொண்டால், குறைந்தது ஒரு பிள்ளை கிடைப்பதற்கான வாய்ப்பு 74 வீதமாக உயரும். வண்ணத் தாளில் அச்சாவது பெரும்பாலும் இந்த வகை எண்ணே. ஆகவே கேட்க வேண்டியது: எத்தனை பேரிலிருந்து எண்ணத் தொடங்கினீர்கள், எதை வெற்றி என்று எண்ணினீர்கள், எத்தனை மாற்றங்களைக் கூட்டினீர்கள்?

அதற்கு மேல் வயது. முளையத்தின் தரத்தைத் தீர்மானிப்பது முட்டை தந்த பெண்ணின் வயதே. சுமப்பவரின் வயதுக்கு அதில் பங்கு குறைவு. 25 வயது முட்டைக் கொடையாளிகளின் முளையங்களைக் கொண்டு ஒரு நிலையம் அடைந்த வீதம், 35 வயதில் தன் சொந்த முட்டையுடன் செல்லும் என் தங்கைக்குப் பொருந்தாது; 41 வயதுப் பெண்ணுக்கு அது பொருந்தவே பொருந்தாது. ஏ.எம்.எச். என்ற இரத்தப் பரிசோதனை எத்தனை முட்டைகள் கிடைக்கக்கூடும் என்பதைக் காட்டுமே தவிர, அவற்றின் தரத்தைக் காட்டாது. தன் வயதொத்த பெண்களின் சொந்த முட்டையில் உருவான, மாற்றுத்தாய்க்கு மாற்றப்பட்ட முளையங்களில், உயிருள்ள பிறப்பு எத்தனை என்று கேட்பதே சரியான கேள்வி. பிரித்தானியாவில் கருவள அதிகாரசபை ஒவ்வொரு நிலையத்தின் பரிசோதனை அறிக்கையையும் பிறப்பு வீதத்தையும் வெளியிடுகிறது. அமெரிக்காவில் 1992 ஆம் ஆண்டின் சட்டம் நிலையங்களின் வெற்றி வீதங்களை வெளியிட வழிசெய்தது. இத்தகைய வெளி மேற்பார்வை இல்லாத நாட்டில் நிலையம் சொல்லும் எண்ணைச் சரிபார்க்க எவரும் இல்லை என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பெரும்பாலோர் கேட்க மறப்பது ஆய்வுகூடத்தைப் பற்றி. வைத்தியரின் பெயர் தெரிந்திருக்கும். முளையவியலாளரின் பெயர் தெரியாது. ஆனால் முட்டை வெளியே எடுக்கப்பட்ட நிமிடத்திலிருந்து ஐந்தாறு நாட்கள் முளையம் அவருடைய கையில்தான் இருக்கிறது. உறையவைத்த முளையங்கள் மைனஸ் 196 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் திரவ நைதரசனில் வைக்கப்படுகின்றன. அந்தக் கொள்கலத்தின் மட்டம் குறைந்தால் நள்ளிரவில் யாருக்கு எச்சரிக்கை மணி போகிறது என்று கேளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பெயரையும் இலக்கத்தையும் இரண்டாவது ஒருவர் சரிபார்த்துக் கையொப்பமிடுகிறாரா என்று கேளுங்கள். முளையங்கள் மாறிப்போன சம்பவங்கள் வளர்ந்த நாடுகளிலும் நடந்திருக்கின்றன. முளையத்தின் நிறமூர்த்தச் சோதனை, கருப்பை உட்சுவரைக் கீறிவிடுதல் போன்ற மேலதிகச் சேவைகள் பட்டியலில் இருந்தால், அவை ஏன் என்று கேட்க வேண்டும். கீறிவிடுதல் குறித்து 1,364 பெண்களிடம் நடத்தப்பட்டு 2019 இல் வெளியான பெரிய ஆய்வு, அதனால் பிறப்பு வீதம் கூடவில்லை என்றே கண்டது.

மாற்றுத்தாயை ஒரு நிலையம் எப்படி நடத்துகிறது என்பது அதன் நேர்மையை அறியச் சிறந்த வழி. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று முளையங்களை வைப்பதாக ஒரு நிலையம் சலுகைபோலச் சொன்னால் அதை மறுக்க வேண்டும். இரட்டைக் கர்ப்பத்தில் குறைமாதப் பிறப்பும் தாய்க்கான உயர் இரத்த அழுத்தமும் கூடுகின்றன. “ஒரே செலவில் இரண்டு பிள்ளைகள்” என்ற பேச்சின் விலையைக் கொடுப்பவர் அந்தப் பெண்ணும், தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கப்போகும் சிசுக்களுமே. அவருக்குச் சம்மதப் பத்திரம் அவருடைய மொழியில் வாசித்துக் காட்டப்படுகிறதா? அவருக்கென்று தனிச் சட்டத்தரணி உண்டா? கர்ப்பத்தில் சிக்கல் வந்தால் அவருடைய உடல் பற்றிய முடிவை யார் எடுப்பார்? பிரசவத்துக்குப் பிறகு எத்தனை மாதங்கள் அவருக்குப் பராமரிப்பு உண்டு? அவருடன் காணொளியில் நேரடியாகப் பேச அனுமதிப்பீர்களா? கிரேக்கத்தின் க்ரீட் தீவில் 2023 இல் ஒரு கருவள நிலையத்தின் நிர்வாகிகள் பெண்களைச் சுரண்டியதாகவும் ஆட்கடத்தலில் ஈடுபட்டதாகவும் குற்றஞ்சாட்டப்பட்டுக் கைதானபோது, அந்நாட்டில் இதற்கு முறையான சட்டமே இருந்தது. சட்டம் இருப்பது மட்டும் அந்தப் பெண்களைக் காப்பாற்றவில்லை.

பயணம் பற்றியும் சொல்ல வேண்டும். முட்டை எடுப்பதைக் கொழும்பில் செய்தாலும் நமக்கு அது 260 கிலோமீற்றர் தொலைவு. ஹோர்மோன் ஊசிகள் பல 2 முதல் 8 பாகைக்குள் குளிரில் இருக்க வேண்டியவை. சித்திரை வெயிலில் பஸ்ஸில் கொண்டுவருவதற்கு ஒரு நல்ல குளிர்ப்பெட்டி வேண்டும், ஆனால் ஊசி நேரடியாகப் பனிக்கட்டியில் பட்டு உறைந்துவிடவும் கூடாது. ஊசிகள் தொடரும் பத்துப் பன்னிரண்டு நாட்களில் நான்கைந்து ஸ்கான் தேவைப்படும். அவற்றில் சிலவற்றைத் திருகோணமலையிலேயே எடுத்து அறிக்கை அனுப்ப நிலையம் ஒப்புக்கொள்ளுமா என்று கேளுங்கள். இறுதி ஊசி போட்டு ஏறத்தாழ 36 மணித்தியாலத்தில் முட்டையை எடுத்தாக வேண்டும். அந்த ஊசிக்குப் பிறகு இரவு ரயிலை நம்பாமல் முன்னரே கொழும்பில் தங்கியிருப்பது நல்லது. என் தங்கையைப் போலக் கருப்பை இல்லாதவர்களுக்கு மாதவிடாய் வராது. எனவே சிகிச்சையை எந்த நாளில் தொடங்குவது என்பதை ஸ்கானும் இரத்தப் பரிசோதனையும் கொண்டே தீர்மானிக்க வேண்டும். இதை முன்பு செய்த அனுபவம் அந்த நிலையத்துக்கு இருக்க வேண்டும். இலங்கை நிலையமாயின், அது 2006 ஆம் ஆண்டின் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டுள்ளதா என்பதையும், வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்பதையும் உறுதிசெய்துகொள்ளலாம்.

பணம் பற்றி ஒன்றே ஒன்று. “முழுப் பொதி” என்ற விலையில் எவை சேராது என்பதை எழுதி வாங்க வேண்டும்: இரண்டாவது முளைய மாற்றம், கருச்சிதைவு, சிசேரியன், குறைமாதச் சிசுவின் தீவிர சிகிச்சை, கடவுச்சீட்டுக்காகக் காத்திருக்கும் வாரங்களின் தங்குமிடம். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்பவரிடம் போக வேண்டாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நாங்கள் மூவரும் இருந்து பதினெட்டுக் கேள்விகளை எழுதி இரண்டு நிலையங்களுக்கும் அனுப்பினோம். 80 வீதம் என்று அச்சிட்டிருந்த நிலையம் ஒரு கேள்விக்கும் விடை தராமல், அந்த மாதத்துக்குள் பதிந்தால் விலையைக் குறைப்பதாக மறுமொழி அனுப்பியது. மற்றது பதினொன்றுக்கு எழுத்தில் விடை தந்தது; வயதுவாரியான பிறப்பு எண்ணிக்கையையும் இணைத்திருந்தது. அதன்படி என் தங்கையின் வயதில் அவர்களுடைய வீதம் 70 அல்ல. அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அவள் அந்தத் தாளை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதையாவது சொன்னார்களே” என்றாள். மீதி ஏழு கேள்விகளும் பிள்ளையின் பத்திரங்களைப் பற்றியவை. அவற்றுக்கான விடையை அந்நாட்டுச் சட்டத்தரணி ஒருவரிடமிருந்து எழுத்தில் எதிர்பார்த்திருக்கிறார்கள். அது வரும்வரை ஒரு ரூபாயும் கட்டுவதில்லை என்று இருவரும் தீர்மானித்திருக்கிறார்கள்.